பாயின் உயரத்துக் காற்று

புரோமீனின் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே எழாது. போத்தலின் கழுத்தைத் தாண்டும், மேசை விளிம்புவரை வரும், பிறகு கொசுவம் அவிழ்ந்த சேலைபோல நிலத்தில் விழுந்து படரும். நிற்பவருக்கு மணம் கொஞ்சமாகத்தான் தெரியும். குந்தியிருப்பவருக்குக் கண் எரியும். படுத்திருப்பவர் இருமுவார்.

இதை ஆறு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். 'வளியிலும் அடர்த்தி கூடியது' என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதி, துடைத்து, அடுத்த மூலகத்துக்குப் போய்விடுவேன். படுத்திருப்பவர் என்று ஒருவரை நான் நினைத்ததேயில்லை. வேதியியல் நின்றுகொண்டு படிப்பிக்கிற பாடம்.

போரால் மின்சாரம் நின்று ஒரு வருடம் கடந்திருந்த ஆடி மாதம். உடுப்பிட்டிக்குக் கிட்டவிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. வலிகாமத்தின் கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் எங்கள் வகுப்பறைகளில் இருந்தது. பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை அடுக்கிச் சுவர் ஆக்கி, சேலைகளைக் கட்டிக் கதவு ஆக்கி, பத்தாம் வகுப்பில் மூன்று வீடு, எட்டாம் வகுப்பில் நான்கு வீடு. பாடங்கள் மாமரத்துக்குக் கீழே நடந்தன. பூட்டிக் கிடந்தது ஆய்வுகூடம் மட்டுந்தான்.

பள்ளிக்கூட அதிபர் ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசினால் மறுப்புக் கேட்கமாட்டார் என்று அர்த்தம். ஏற்றினார்.

"ரீச்சர், லாப்பை ஒதுக்க வேணும். பருத்தித்துறை ஆசுப்பத்திரியிலை ஒரு பிள்ளைப்பெத்தவள் கிடக்கிறாள், எங்கடை சனத்துக்குள்ளை ஒருத்திதான். நாளையிண்டைக்குப் பின்னேரம் துண்டு வெட்டி வெளியிலை விடுகினமாம். மரத்துக்குக் கீழை, இந்தப் புழுதிக்குள்ளை, பச்சைப்பிள்ளையை வைச்சிருக்கேலுமே?"

"ஏலாது."

"வேறை அறையும் இல்லை. கதவு சாத்தக்கூடிய அறை உங்கடைதான்."

"ஓம்" என்றேன். பேசிவிட்டு வெளியே வந்த பிறகுதான் நினைவு வந்தது. அறையில் வேறு ஒருவர் ஏற்கெனவே குடியிருந்தார்.

அமிலங்களைக் கட்டிக் கொண்டுபோய் அதிபரின் அறை மூலையில் வைத்துவிடலாம். உப்புகளைப் பற்றிக் கவலையில்லை. புரோமீன் போத்தல்தான் பிரச்சினை. தடித்த கண்ணாடிப் போத்தல், கண்ணாடி மூடி, அதைச் சுற்றி வெள்ளை மண் நிரப்பிய தகரம், அதைச் சுற்றி மர அலுமாரி. உள்ளே ஒரு கையளவு திரவம் எஞ்சியிருந்தது. செங்கறுப்பு. தண்ணீரைவிட மூன்று மடங்கு பாரம். சாதாரண வெயிலிலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். தோலில் பட்டால் புண், ஆற மாதங்கள் எடுக்கும். மூச்சில் போனால் நெஞ்சுக்குள் நீர் கோக்கும். அந்த மூலகத்துக்குப் பெயர் வைத்தவர்கள் நாற்றம் என்ற பொருள்பட வைத்தார்கள். வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லைப்போலும்.

அலுமாரியைத் திறந்தேன். தகரத்தின் மூடி துருவேறிக் காகிதம்போலக் கிழிந்தது. போத்தலின் பெயர்த்தாளில் நாலைந்து எழுத்துகள் மட்டும் தப்பியிருந்தன. மூடியைச் சுற்றி, கழுத்திலிருந்து தோள்வரை, பழுப்பாக ஏதோ வடிந்து இறுகியிருந்தது.

"என்ன ரீச்சர், தேன் வடியுது?"

பின்னால் நின்றவர் எங்கள் ஆய்வுகூட உதவியாளர். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூடம் முழுக்க அவரை 'அண்ணை' என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். வெற்றிலை போடுவார். ஆனால் வாசலிலேயே துப்பி, வாய் கொப்பளித்து, கை கழுவி, பிறகுதான் படியேறுவார். விஷம் வைத்திருக்கிற இடத்தில் வாய்க்குள் எதுவும் இருக்கக்கூடாது என்பதை நான் புத்தகத்தில் படித்தேன். அவர் பழக்கத்தில் வைத்திருந்தார்.

"தேனில்லை அண்ணை. நல்லெண்ணெய்."

"நல்லெண்ணெயோ? ஆர் போட்டது?"

"நான்தான்."

அவர் சுவரிலிருந்த சரஸ்வதி படத்தைப் பார்த்தார். அதன் முன்னாலிருந்த விளக்கைப் பார்த்தார். பிறகு என்னை.

"புரோமீன் எண்ணெயைப் பிடிச்சுத் தின்னும் எண்டு பிள்ளையளுக்கு ஆர் படிப்பிக்கிறது?"

"நான்தான்."

"அப்ப சரி," என்றார். "ஆள் மாறேல்லை."

ஒவ்வொரு வருடமும் செய்து காட்டுகிற பரிசோதனை அது. புரோமீன் கரைத்த தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். அதில் நல்லெண்ணெய் நாலு சொட்டு விட்டுக் குலுக்கினால் நிறம் போய்விடும். எண்ணெய்க்குள் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளைப் புரோமீன் தேடிப்போய்ப் பிடிக்கும், பிடித்த இடத்தில் எண்ணெய் தடிக்கும், பாகுபோல ஆகும். பிள்ளைகள் 'ஐயோ' என்பார்கள். எனக்கு அந்த 'ஐயோ' பிடிக்கும்.

முந்தைய வருடம் விடுமுறைக்குப் பூட்டுகிற நாள். கண்ணாடி மூடி இறுகிவிடாமல் தடவுகிற களிம்பு முடிந்திருந்தது. போர்த் தடையால் மெழுகுதிரிகூட யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வராத காலம். எங்கள் வீடுகளில் எது இறுகினாலும் நல்லெண்ணெய்தான். கதவுப் பிணைச்சல், பாக்குவெட்டி, கிணற்றுக் கப்பி, தையல் மெசின், முழங்கால். என் விரல் தன்பாட்டில் சரஸ்வதியின் விளக்குக்குப் போனது, தொட்டது, மூடியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. தலை படித்ததை விரல் படிக்கவில்லை. பூட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அந்த வட்டம் இப்போது பிசினாகி, மூடியை ஒரு பக்கம் இறுக்கி, மறுபக்கம் ஒரு மயிரிழை விட்டிருந்தது. அந்த இழையால் ஆவி கசிந்து தகரத்தைத் தின்று, அலுமாரிக்குள் இறங்கி, நிலத்துக்கு வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நாளாக என்று தெரியாது. நான் நிற்கிற உயரத்தில் எனக்கு மணம் பெரிதாக இல்லை. குனிந்தேன். முழங்கால் மட்டத்தில் மூக்கைச் சுட்டது. ஒரு பாயின் உயரத்தில் எப்படியிருக்கும் என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன்.

"கழுத்தைச் சுடுதண்ணியிலை பிடிச்சால் விட்டிடும் ரீச்சர்," என்றார் அண்ணை. "ஊறுகாய்ச் சாடிக்கு வீட்டிலை உப்பிடித்தான்."

"இது ஊறுகாயில்லை அண்ணை. நீங்கள் குடிக்கிற தேத்தண்ணியின்ரை சூட்டிலையே கொதிச்சிடும். மூடி கூரைக்குப் போகும்."

"அப்ப பின்வளவிலை ஆழமாய்த் தாட்டுவிடுவம்."

"தாட்டால்?"

எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கல் என்றால் கல்லல்ல, ஓட்டைச் சட்டி. ஒரு வளவில் ஊற்றியது நாலு வளவு தாண்டிக் கிணற்றில் எழும்பும். பள்ளிக்கூடக் கிணற்றில் அத்தனை குடும்பமும் அள்ளிக்கொண்டிருந்தது. இருவரும் யன்னலால் அந்தக் கிணற்றைப் பார்த்தோம். ஒருத்தி தன் பிள்ளையைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஊரைக் கூட்டியது.

புரோமீனை அடக்குவது ஹைப்போ. அந்த உப்பைக் கரைத்த தண்ணீருக்குள் புரோமீனை விட்டால் நிறமும் குணமும் போய், கடலில் இருக்கிற உப்புகளில் ஒன்றாகிவிடும். கூடவே கொஞ்சம் நீற்றுச் சுண்ணாம்பு, அமிலம் சேராமல் இருக்க. சுண்ணாம்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஹைப்போ ஆய்வுகூடத்தில் ஒரு சிட்டிகைகூட இல்லை.

ஆனால் ஹைப்போ இல்லாமல் படம் கழுவ முடியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தியிலிருந்த ஸ்ரூடியோவுக்குப் போனேன்.

"என்ன ரீச்சர், கலியாணப் படமோ?" என்றார் ஸ்ரூடியோக்காரர். தொழிலின் மையும் மருந்தும் ஏறிய விரல்கள். முப்பது வயதிலும் கட்டாமல் இருக்கும் பெண்ணிடம் ஊரே அதைத்தான் கேட்கும்.

"இல்லை, ஹைப்போ."

"அது கலியாணம் முடிஞ்சபிறகு கழுவேக்கை தேவைப்படுறது."

விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். உள்ளே போய் ஒரு பிளாஸ்ரிக் பையோடு வந்தார். "முழுசாய்த் தந்தால் ஊரைவிட்டுப் போற பாஸுக்குப் படம் எடுக்கிற சனத்துக்கு என்ன செய்யிறது? பாதி கொண்டுபோங்கோ." பிறகு கொஞ்சம் யோசித்து, "பாவிச்ச ஹைப்போத் தண்ணி கலன் ஒண்டு நிறையக் கிடக்கு. மண்ணிலை ஊத்த மனமில்லாமல் வைச்சிருக்கிறன். உதுக்குள்ளை வலு இருக்குமோ?"

இருக்கும். பாதிக்கு மேலேயே இருக்கும். அந்தக் கலனைச் சைக்கிளின் பின்கரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். எத்தனை பேரின் முகங்கள் கழுவிய தண்ணீர் அது. வழிநெடுக முதுகுக்குப் பின்னால் தளம்பியது.

அன்று பின்னேரம் போத்தலை ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் இறக்கி, பின்பக்கத்து நிழலில், காற்றுப் படும்படி வைத்தோம். ஐஸ் என்ற சொல்லையே மறந்திருந்த காலத்தில் குளிர்ச்சிக்கு அதுதான் வழி. மணலை நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும். குளிர்ந்தால் ஆவி அடங்கும், மூடியை உள்ளேயிருந்து தள்ளுகிற விசை குறையும்.

விடிந்ததும் வேலை. ஆடி மாதம் சோளகக் காற்றின் மாதம். தென்மேற்கிலிருந்து வரும், நாள் முழுக்க ஒரே திக்கில் தள்ளும், வாயைத் திறந்தால் மண் கடிக்கும். அந்தக் காற்றை நான் வாழ்நாளெல்லாம் திட்டியிருக்கிறேன். அன்று அதற்குக் கும்பிடு போட்டேன். பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் நிரப்புகிற சீமெந்துத் தொட்டி கட்டடத்தின் வடகிழக்கு மூலையில் இருந்தது. அதற்கப்பால் வெறும் மைதானம். நாங்கள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் வருவது எதுவும் மைதானத்துப் பக்கந்தான் போகும். தொட்டியின் துவாரத்தைத் துணியால் அடைத்து, ஹைப்போவும் சுண்ணாம்பும் கரைத்து நிரப்பினோம்.

சமைக்க வெளிக்கிட்ட பெண்களை மறுபக்கம் அனுப்பும் பொறுப்பை அண்ணை எடுத்தார்.

"ரீச்சர் போத்தலுக்குள்ளை இருந்து ஒரு பூதத்தை எடுக்கப்போறா. எட்டிப் பாக்கிறவைக்குக் கண் அவிஞ்சிடும்!"

"அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ," என்று நான் போய் ஒழுங்காக விளங்கப்படுத்தினேன். ஒழுங்கான விளக்கத்துக்கு ஒருவரும் அசையவில்லை. பூதத்துக்குத்தான் போனார்கள்.

திரும்பி வந்தால் அண்ணை நின்ற கோலம் பூதத்தையே துரத்தும். கடலட்டை பிடிக்கச் சுழியோடும் மச்சானிடமிருந்து நீர்க்கண்ணாடி இரவல் வாங்கி முகத்தில் மாட்டியிருந்தார். மூக்கும் அதற்குள்ளே நசுங்கிக் கிடந்தது. எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தார். ஹைப்போவில் நனைத்த துணியை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டோம். வெடிப்பு விழுந்த ரப்பர் கையுறைக்கு மேலே பொலித்தீன் பை.

"சிரியாதேங்கோ ரீச்சர். சிரிச்சால் காத்துப் போகும்."

மூடியைத் திறக்க முயலவேயில்லை. பானையிலிருந்து போத்தலை எடுத்து, மெல்ல, பக்குவமாக, தொட்டியின் அடியில் விரித்திருந்த மணலில் படுக்கவைத்தோம். தண்ணீர் அதன்மேல் ஒரு முழத்துக்கு நின்றது. அண்ணை இரும்பு அலவாங்கை இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீருக்குள் விட்டு, போத்தலின் வயிற்றில் ஒரு குத்துக் குத்தினார்.

சத்தம் வரவில்லை. கீழே ஒரு சிவப்பு விழித்தது. பாரமான சிவப்பு, எழும்ப மனமில்லாமல் மணலோடு புரண்டது. அதன் விளிம்புகள் மட்டும் மஞ்சளாகி, மஞ்சள் வெளிறி, வெளிறியது காணாமல் போனது. இரண்டு குமிழி மேலே வந்து உடைந்தன. பழுப்பு நூலிழை ஒன்று தொட்டிக்கு மேலே எழுந்து நின்றது. சோளகம் அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனது. எங்கள் முதுகில் காற்று கை வைத்ததுபோல இருந்தது.

வேகமாகக் கலக்கினால் சூடேறும், சூடேறினால் கொதிக்கும். மரக்கம்பால் ஆறுதலாக, கஞ்சி கிண்டுவதுபோல. கை மாற்றி மாற்றி. வெயில் தொட்டியின் விளிம்புக்கு வந்தபோது உள்ளே வெள்ளைக் கலங்கலும் கண்ணாடித் துண்டுகளுந்தான் மிஞ்சியிருந்தன. அந்தத் தண்ணீரை நிலத்தில் விடவில்லை. அடுத்த நாட்களில் கலன் கலனாகச் சைக்கிளில் கட்டிப் பருத்தித்துறைக் கரைக்குக் கொண்டுபோனோம். இலகு வேலையில்லை. ஆனால் கடலுக்கு அந்த உப்பு புதிதல்ல.

அறை மிஞ்சியிருந்தது.

மூக்கை நம்ப முடியாது, கொஞ்ச நேரத்தில் அது பழகிவிடும். பழைய போத்தலொன்றில் பொற்றாசியம் அயடைட்டு கொஞ்சம் கிடந்தது. அதோடு மாப்பொருள் கலந்து தாளை நனைத்தால், துளியளவு புரோமீன் பட்டாலும் தாள் நீலமாகும். மாப்பொருளுக்கு எங்கே போவது? எட்டாம் வகுப்பின் அடுப்புக்குப் போனேன். உப்புப் போடாத கஞ்சி ஒரு சிரட்டை கேட்டேன்.

"ரீச்சருக்குப் பசியோ?"

"எனக்கில்லை. தாளுக்கு."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூதக்கதை இன்னும் உறுதிப்பட்டிருக்கும்.

வடிதாளைக் கீலம் கீலமாக வெட்டி, கஞ்சியில் நனைத்து, நிலம் முழுக்க வைத்தேன். கதவடியில், யன்னலுக்குக் கீழே, பாய் போடவிருக்கும் இடத்தில் மூன்று. கதவைச் சாத்திவிட்டுப் படியில் இருந்தோம். அண்ணை வெற்றிலை போடவில்லை. அரை மணித்தியாலம் கழித்துத் திறந்தால் எல்லாம் வெள்ளை. அலுமாரிக்கு அடியில் வைத்தது மட்டும் நீலம்.

"போத்தல் போயிட்டுது. பிறகென்ன?" என்றார் அண்ணை.

"மரம் குடிச்சிருக்கு."

இத்தனை மாதம் உறிஞ்சியதை அலுமாரி இனி ஆறுதலாக வெளியே விடும், பகலும் இரவும், நிலத்தோடு. இரண்டு பேரும் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து நாலு ஆண்கள் வந்தார்கள். அலுமாரி முற்றத்துக்குப் போய் வெயிலில் வாய் பிளந்து நின்றது. மிச்ச ஹைப்போவால் நிலத்தைக் கழுவி, இரு பக்கத்து யன்னலையும் திறந்து, அன்றும் மறுநாள் மதியம்வரையும் சோளகத்தை உள்ளே விட்டோம். அறை முழுக்கப் புழுதி. கூட்டினேன். மறுபடி தாள். மறுபடி படி.

எல்லாம் வெள்ளை.

வெள்ளைதான். ஆனால் விளக்குக்குப் போன அந்த விரல் என் கையில்தானே இருந்தது. நான் சரியென்று நினைத்த ஒன்று ஏற்கெனவே ஒருதடவை கசிந்திருக்கிறது. பாயை விரித்தேன். படுத்தேன். கன்னத்தைப் பாயின் விளிம்பில் வைத்து, நிலத்தோடு நிலமாக மூச்சு விட்டேன். ஆறு வருடம் நின்று நடந்த அறையில் அன்றுதான் முதன்முறை படுத்தேன். கூரை எவ்வளவு தூரம். மேசைகளின் அடிப்பக்கத்தில் பிள்ளைகள் எழுதியிருந்தவை எனக்குத் தெரிந்தன. அதிலொன்று என்னைப் பற்றியது, இங்கே எழுதமாட்டேன். ஒரு மணித்தியாலம் கிடந்திருப்பேன். இருமல் வரவில்லை, நித்திரை வந்துவிட்டது.

"உது ஆர், முந்தியே வந்து படுத்திருக்கினம்?"

கண்ணைத் திறந்தால் வாசலில் அவள். இருபத்திரண்டு வயதிருக்கும். நெஞ்சோடு ஒரு துணிப் பொட்டலம். பின்னால் அவள் புருசன் பையோடும், அண்ணை இளித்த பல்லோடும்.

"பயப்பிடாதை தங்கச்சி," என்றார் அண்ணை. "எங்கடை ரீச்சர்தான். உங்களுக்கு முதல் தன்னை வைச்சுச் சோதிச்சுப் பாத்தவ."

எழும்பி, சேலையை இழுத்துவிட்டு, இடத்தைக் காட்டினேன். அவள் பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். பிள்ளை கூரையைப் பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டது. அந்தச் சின்ன வாய் இழுத்த காற்றை நான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"உதென்ன ரீச்சர், கடதாசித் துண்டுகள்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். போத்தல் இருந்ததையும், கசிந்ததையும், நீலத்தையும். விளக்கெண்ணெயையும் சொன்னேன். என் பிழை என்று சொன்னேன். தாள் எப்போதாவது நீலமானால் உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும் என்றும், அதற்காகத்தான் இதெல்லாம் என்றும்.

அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். பிள்ளையின் காலைத் துணிக்குள் விட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானும் வெளிக்கிடேக்கை வீட்டுப் பூட்டுக்கு நல்லெண்ணெய்தான் விட்டிட்டு வந்தனான்," என்றாள். "வரேக்கை இறுகிக் கிடக்கக் கூடாதெண்டு."

அதற்குப் பிறகு தினமும் காலையில் போவேன், பழைய தாள்களை எடுத்துப் புதிதாக வைப்பேன். முதல் கிழமை நான் குனிந்து பார்ப்பேன், அவள் என் முகத்தைப் பார்ப்பாள். இரண்டாம் கிழமை அவளே சொல்லத் தொடங்கினாள். "இண்டைக்கும் வெள்ளை ரீச்சர். யன்னலடியிலை ஒண்டு கொஞ்சம் மங்கல். அது வெயிலுக்கு வந்த நிறம், உங்கடை பூதமில்லை." சரியாகத்தான் சொன்னாள். என் வகுப்பில் இருந்திருந்தால் கெட்டிக்காரியாக வந்திருப்பாள். பிள்ளை கொழுத்தது, கவிழ்ந்தது, ஒருநாள் ஒரு தாளைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தது. அன்றோடு தாள்களை நிறுத்தினோம். வைக்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்தக் கடைசிக் காலை அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது அவள் திடீரென்று கேட்டாள்.

"ரீச்சர், அந்தப் பூட்டு இறுகியிருக்குமோ?"

யோசித்தேன். இந்தமுறை விரலால் அல்ல, தலையால்.

"இரும்புக்கு எண்ணெய் நல்லதுதான் தங்கச்சி. துருப் பிடிக்க விடாது. போத்தலுக்குத்தான் கூடாது."

"அப்ப இறுகாது."

"உடனை இறுகாது."

எவ்வளவு காலத்துக்கு என்று அவள் கேட்கவில்லை. நல்லெண்ணெய்க்கு வெறும் காற்றே போதும், வருடக்கணக்கில் விட்டால் அதுவும் தடிக்கும், பிசினாகும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் குனிந்து மிச்சத் தாள்களை எடுத்தேன். எல்லாம் வெள்ளை.